திருகு தளர்ந்துவிட்டது

"இதுதான் நல்லா போகுது மேடம். ஸ்பிரிங் வெச்சது. ஒரு கையாலயே அமுக்கி மாட்டிடலாம்" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம். திருகு வெச்சது காட்டுங்க" என்றாள் நாத்தனார்.

கூட வந்திருந்த அண்ணி, பாட்டு டீச்சர், கடையின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்றைக்கு அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குத் தேர்வு. கிளம்பி நேராகப் போக வேண்டிய நேரத்தில், கிட்டாருக்குக் கேப்போ வாங்க வேண்டுமாம் மகராசிக்கு.

கேப்போ ஒன்றும் பெரிய சமாசாரமில்லை. கிட்டாரின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கிற கிளிப். உடம்புப் பக்கம் நகர்த்தினால் சுருதி ஏறும், தலைப்பக்கம் தள்ளினால் இறங்கும். டீச்சரின் பாட்டுக்கு, கழுத்தில் குறுக்கே பதித்த கோடுகளில் நாலாவது ஃபிரெட். என்றைக்கும் நாலுதான்.

"பழசுக்கு என்ன கேடு?"

"ரப்பர் தேஞ்சு போச்சு அண்ணி."

"திருகுல அப்படி என்ன விசேஷம்?"

"வேணுங்கற அளவு இறுக்கிக்கலாம். அதிகமா இறுக்கினா கம்பி இழுபட்டு சுருதி தப்பும். லூசா விட்டா கரகரங்கும்."

"கரகரங்காத மாதிரி பாத்து வாங்கு."

நாத்தனார் ஒவ்வொன்றாகக் கடைக் கிட்டாரில் மாட்டி, ஒவ்வொரு கம்பியாகத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். மாப்பிள்ளை பார்க்கும்போது இதில் பாதி பார்த்திருந்தால், இன்றைக்கு அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டாம். நாக்கு நுனிவரை வந்ததை டீச்சர் விழுங்கினாள். கிட்டார் வாசிக்க வேறு ஆள் இல்லையே.

கோபமெல்லாம் மேலுக்குத்தான். உள்ளே பயம்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு, சரணத்தில் மேலே போகிற ஓரிடத்தில் குரல் உடைகிறது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் பாடிப் பாடிப் பார்த்தாயிற்று. உடைந்துகொண்டேதான் இருக்கிறது. கணவருக்குத் தெரியாது. பழைய பள்ளிக்கூடத்தில் லீவு முடிவதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இதுவும் போனால், 'குரல் போன பாட்டு டீச்சர்' என்று பெயர் வந்துவிடும். அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

சுருதியை இறக்கி வாசி என்று நாத்தனாரிடம் சொல்லலாம்தான். "ஏன் அண்ணி, குரல் போச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்பாள். அதைக் கேட்பதைவிடத் தேர்வில் உடைந்தே போகலாம்.

"இது குடுங்க" என்றாள் நாத்தனார், ஒருவழியாக.

தேர்வு அறையில் பிரின்சிபால் அம்மாவும் மூத்த பாட்டு வாத்தியாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மூச்சு விட்டாலே கேட்கிற அறை. இதில் குரல் உடைந்தால் எப்படிக் கேட்கும்?

"ஆரம்பிக்கலாம்" என்றார் வாத்தியார்.

கிட்டார் தொடங்கியது. பல்லவி தப்பித்தது. அனுபல்லவியும் தப்பித்தது. டீச்சர் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சரணம் வந்துவிட்டது. அந்த இடத்துக்கு இன்னும் ஒரே ஒரு வரி.

கர்ர்ர்...

கிட்டார் இருமியது. நாத்தனார் கையை எடுத்துவிட்டாள்.

"மன்னிக்கணும் சார். கேப்போ தளர்ந்துடுச்சு. புதுசு, சரியா இறுக்கலை. முதல்லேர்ந்து வாசிச்சிடறேனே."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் வாத்தியார். பிரின்சிபால் அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

நாத்தனாரும் அசடு வழியச் சிரித்துவிட்டு, கிட்டாரைத் தன் பக்கம் சாய்த்து, குனிந்து எதையோ திருகினாள்.

பாவி, கெடுத்துவிட்டாள். தாண்டி வந்த வழியெல்லாம் மறுபடி நடக்க வேண்டும். டீச்சரின் காதுக்குள் ரத்தம் இரைந்தது. கிட்டார் கொடுத்த சுருதியைக் கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டு, கிணற்றில் குதிக்கிறவள் போலப் பாடினாள். பல்லவி, அனுபல்லவி, சரணம். அந்த இடம் வந்தது.

குரல் ஏறியது. உடையவில்லை. போய் நின்றது, அசையாமல்.

"திங்கட்கிழமை சேர்ந்துடுங்க" என்றாள் பிரின்சிபால் அம்மா.

"கூட வாசிக்க மட்டும் வேற ஆள் பாருங்கம்மா" என்றார் வாத்தியார், நாத்தனார் காதுபடவே.

"பாத்துடறேன் சார்" என்றாள் டீச்சர்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் டீச்சர் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு என்ன பண்ணினேன் நான்? கொஞ்சம் விட்டா என் வாயில மண்ணைப் போட்டிருப்பே. தெரியாதவ, பழசையே மாட்டிக்கிட்டு வர்றதுதானே."

"தப்புதான் அண்ணி."

"தப்புன்னா ஆச்சா? நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்."

நாத்தனார் பதில் சொல்லுமுன் அவள் செல்போன் அடித்தது. "அண்ணன்தான். கொஞ்சம் பிடிங்க" என்று கிட்டாரை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் நகர்ந்தாள்.

டீச்சர் கிட்டாரை அணைத்துப் பிடித்தாள். கேப்போ விரலில் இடித்தது. எங்கே, எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்று பார்த்தாள். திருகு கச்சிதமாக இறுகியிருந்தது.

ஆனால் நாலாவது ஃபிரெட்டில் இல்லை. தலைப்பக்கம் தள்ளி, இரண்டாவதில் இருந்தது.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

ஜன்னலோரத்தில் நாத்தனார் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"கிடைச்சாச்சு அண்ணா. நான்தான் நடுவுல சொதப்பிட்டேன், திட்டு வாங்கிக்கிட்டிருக்கேன்... குரலா? அண்ணி குரலுக்கு என்ன குறைச்சல்? எப்பவும் பாடற அதே சுருதிதான்."