ஆடாத கோடு

"நாலு நாளா பத்து மணிக்கு மேல வடை கெடையாது. சட்னி கேட்டா பொடி வருது. இதுக்குப் பேரு கேண்டீனா?"

ஆசிபா பல்லைக் கடித்துக்கொண்டு மனு எழுதினாள். கோவில்பட்டிக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. கோபம் வந்தால் யார் எவர் என்று பார்க்க மாட்டாள். 'கேண்டீன் சாமித்துரையை மாற்றி வேறு ஆள் போடவும்' என்று முடித்து, முதல் கையெழுத்தையும் அவளே போட்டாள்.

"அவியளுக்கு என்ன கஷ்டமோ, ஆசிபா?" என்றான் கூட ஆராய்ச்சி செய்யும் இசக்கிபாண்டி.

"சும்மா கெட! சோம்பேறிக்கு வக்காலத்தா?"

அவளுக்கு இருந்த பதற்றம் அப்படி. பென்சிலில் இருக்கிற கிராபைட்டை செல்லோடேப்பால் உரித்து உரித்து, ஒவ்வொன்றும் ஒரே அணு கனமுள்ள இரண்டே அடுக்கு எடுத்திருந்தாள். கரண்ட் தங்குதடையில்லாமல் ஓடும் பொருள் அது. மேலும் கீழும் மின்புலம் கொடுத்தால் அதுவே கரண்டை மறிக்க வேண்டும். அதைக் கிராப்பில் காட்டினால்தான் மூன்று வருச உழைப்பு தேறும். ஆய்வறிக்கை கொடுக்க நாளைக்குக் கெடு.

போன வாரம் வரை கிராப்பில் கோடு பேய் பிடித்த மாதிரி ஆடியது. ஏசியை நிறுத்தினாள், ஃபேனை நிறுத்தினாள், ஊஹூம். இந்த வாரம் எர்த் கம்பியை மாற்றிய பிறகுதான் அடங்கியது.

இன்றைக்குக் கடைசி அளவு. மின்புலத்தை ஏற்ற ஏற்ற, தடை காட்டும் கோடு ஆடாமல் அசையாமல் கிடுகிடுவென்று மேலே போனது.

"ஏலே இசக்கி, மறிச்சிட்டு! கரண்டை மறிச்சிட்டுலே! அல்ஹம்துலில்லாஹ்!"

கட்டடமே அதிரக் குதித்தாள்.

"எப்படி சாதிச்சே?"

"எல்லாம் நான் போட்ட எர்த்து!" என்று இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

அதே வேகத்தில் மனுவைக் கொடுக்கக் கிளம்பினாள். வாசலில் டீத் தட்டோடு சாமித்துரை நின்றார். இரண்டு உள்ளங்கையிலும் துணிக்கட்டு.

"ஜெயிச்சிட்டீயளாமே தாயி! சத்தம் கேண்டீன் வரைக்கும் கேட்டுச்சு."

"கையில என்ன அண்ணாச்சி?"

"அது கெடக்கட்டும். 'பக்கத்துல எங்கயோ மோட்டார் ஓடுது, அது நின்னாத்தான் எனக்கு விடிவு'ன்னு போன வாரம் பொலம்புனீயள்லா? சுவத்துக்கு அந்தப் பக்கம் நம்ம கிரைண்டர்தான ஓடுது! அதான் நாலு நாளா ஆட்டுரல்ல கையாலயே ஆட்டுதேன். வேல முடிஞ்சிட்டுன்னா, இனி கிரைண்டரைப் போட்டுக்கிடட்டுமா தாயி?"