பையப் போற வண்டி

"பையப் போற வண்டி, பையப் போற வண்டி. தக்கலை, குழித்துறை, பையப் போற வண்டி."

வடசேரிச் சந்தை முனையில் நின்று கண்டக்டர் ஞானதாசன் தொண்டை கிழியக் கூவினான். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த டிரைவர் யேசுதாசனுக்கு, வண்டி மெதுவாகப் போவதை ஊருக்கே சொல்கிறானே என்று மானம் போனது. அதுவும் பக்கத்து சீட்டில் முதலாளி தாணுலிங்கம் உட்கார்ந்திருக்கிறபோது.

"லே, இன்னைக்கு ஒரு நாளாவது வாயை மூடிட்டு இரியேன்."

"நீரு வண்டியப் பாரும் அண்ணாச்சி. ஆளை நான் பாத்துக்கிடுதேன்."

கூடவே இருந்து குழி பறிப்பது என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டான் யேசுதாசன்.

கொல்லம் ஆண்டு 1110, அதாவது 1935, மாசி மாதம். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து ஜனங்கள் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கிளம்புகிற சீசன். குழித்துறை ரோட்டில் இரண்டு கம்பெனி பஸ்களும் ஒரே நேரத்தில் புறப்படும். எது முந்துகிறதோ அதற்குத்தான் வழியில் நிற்கிற ஆளெல்லாம். ஆறு வருஷமாகக் குழித்துறைப் பாலத்தை முதலில் தொட்டது யேசுதாசன்தான். எதிர்க் கம்பெனி டிரைவர் கிருஷ்ணமணி அவனுடைய புழுதியைத் தின்றே காலம் தள்ளினான்.

போன ஐப்பசி மழையில், வில்லுக்குறி வளைவில் யேசுதாசனின் வண்டி வழுக்கி வயலில் இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து, வேகம் கூடினாலே அவனுடைய வலது கால் வெடவெடக்கும். நாலு மாதமாக ஒரு நாள்கூட அவன் முந்தவில்லை.

முதலாளியும் பொறுத்துப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை நானே ஏறுவேன். அவனுக்கு முன்ன பாலத்துக்குப் போவணும். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

பார்வதிபுரம் தாண்டியதும் கிருஷ்ணமணி ஹாரனை அமுக்கிக்கொண்டே முந்தினான்.

"மிதி வே" என்றார் முதலாளி.

மிதித்தான். கால் வெடவெடத்தது. சட்டை தொப்பலாக நனைந்தது. வண்டி மறுபடி பழைய நடைக்கே வந்துவிட்டது.

"போச்சு. வில்லுக்குறியில நிக்குத ஆளையெல்லாம் அவன் அள்ளிட்டுப் போயிருப்பான்" என்றார் முதலாளி.

வில்லுக்குறியில் பதினைந்து பேர் நின்றார்கள். கைக்குழந்தைக்காரிகள், கம்பு ஊன்றின கிழவர், முட்டைக்கூடையோடு ஒருத்தர், மண்பானை அடுக்கோடு இன்னொருத்தர். கிருஷ்ணமணி நிறுத்திக் கூப்பிட்டும் யாரும் ஏறவில்லையாம். "வந்தாச்சு, பையப் போற வண்டி" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்கள். கிளீனர் முத்துநாயகம் பின்பக்கம் வைக்கோலைப் பரப்பிப் பானைகளை வாங்கி வைத்தார்.

தக்கலையிலும் இதே கதை. அப்புறம் வண்டியில் நிற்க இடமில்லை.

"என்ன வே இது?" முதலாளி ஞானதாசன் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சிக்குக் கால் நடுங்கத் தொடங்கின அன்னைக்கே நானும் முத்துநாயகமும் பேசி வச்சோம் மொதலாளி. வேகமாப் போகச் சொல்லி இவரைக் கொல்லாண்டாம், பையப் போறதுக்கு ஆள் உண்டான்னு பாப்போம்னு. ஊர் ஊரா எறங்கி வீடு வீடாப் போய்ச் சொன்னோம். பிள்ளைத்தாச்சி, வயசாளி, முட்டை, பானை எல்லாம் இப்பம் நம்ம வண்டியாக்கும்."

நாலு மாதமாக இவனை மனசுக்குள் வைதுகொண்டிருந்ததை நினைத்து யேசுதாசனுக்கு வெட்கமாக இருந்தது.

குழித்துறைப் பாலத்தடியில் கிருஷ்ணமணியின் வண்டி எப்போதோ வந்து நின்றுவிட்டது. முதலாளி இறங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூட்டம் ஏறுது, சரி. அதுக்காவ தோத்த வண்டின்னு எனக்க கம்பெனிக்குப் பேரு வரணுமா? கல்யாண வீட்டுல என்னைப் பாத்துச் சிரிக்கானுவ. எனக்கு முந்துத டிரைவர்தான் வேணும். அந்தக் கிருஷ்ணமணியையே கேக்கப் போறேன். நீ எறங்கிடு யேசுதாசா."

யேசுதாசன் இறங்கினான்.

ஞானதாசன் தோளில் கிடந்த தோல்பையைக் கழற்றி முதலாளியிடம் நீட்டினான். "அப்பம் எனக்கும் வேண்டாம் மொதலாளி."

"எனக்கும்" என்றார் பின்னாலிருந்து முத்துநாயகம்.

முதலாளி பதில் சொல்வதற்குள் கிருஷ்ணமணியே இவர்களை நோக்கி நடந்து வந்தான். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"வாரும் வே. உம்மகிட்டதான் ஒரு காரியம் பேசணும். நம்ம கம்பெனிக்கு..."

"இந்தா வந்துட்டேன் மொதலாளி." கிருஷ்ணமணி நிற்காமல் அவரைத் தாண்டிப் போனான். யேசுதாசனின் வண்டிப் படியருகே நின்று இரண்டு கையையும் நீட்டினான். உள்ளேயிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

"யாரு வே இது?"

"எனக்க பெண்டாட்டி செல்லத்தாய்."

"அட, உமக்க வண்டியிலயே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

கிருஷ்ணமணி தன் கம்பெனி ஆட்கள் யாராவது பக்கத்தில் நிற்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"எனக்க வண்டியிலயா? இவளுக்கு இது எட்டாம் மாசம்லா மொதலாளி."