நாற்பதாம் நெகட்டிவ்

“அந்தப் பொம்பளைக்கு நான் பொன்னாடை போர்த்தணுமா? நடக்கவே நடக்காது!”

ஷியாமளா போட்ட சத்தத்தில் அவள் கணவர் சேதுமாதவன் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

ஷார்ஜாவில் தமிழ் மன்றத்து மகளிர் அணிச் செயலாளர் அவள். சனிக்கிழமை விழா. அந்தக் காலத்து நடிகை தமயந்தி, அதே ஊரில் முவைலா பகுதியில் இருக்கும் தம்பி மகன் வீட்டுக்கு விசிட் விசாவில் வந்திருக்கிறார். மன்றம் சும்மா விடுமா?

“எண்பத்தாறு வயசும்மா. போனாப் போகுது.”

“கல்யாணமான மனுஷனை வளைச்சுப் போட்டவங்க. வயசானா எல்லாம் சரியாயிடுமா?”

சாட்சி அவள் வீட்டிலேயே இருந்தது. 1962-ல் பத்திரிகை அட்டையில் வந்து தமிழ்நாட்டையே வாய் பிளக்க வைத்த படம். சோபாவில் காதல் நாயகன் அழகேந்திரன்; அவர் தோளில் சாய்ந்தபடி தமயந்தி. எடுத்தவர் ஷியாமளாவின் அப்பா. அதோடு தமயந்திக்கு வந்த பட வாய்ப்புகளும் போயின, பேசி முடித்த வரனும் போனது. நன்றாக வேண்டும் என்றுதான் ஷியாமளாவின் அம்மா கடைசிவரை சொன்னாள்.

விழாவில் காட்டப் பழைய படங்கள் வேண்டுமாம். வேண்டா வெறுப்பாக அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தாள். அப்பா எதையும் தூக்கிப் போடமாட்டார். ஒவ்வொரு நெகட்டிவுக்கும் தனி உறை, உறைமேல் வரிசை எண். அந்த அட்டைப் படம் நாற்பத்தொன்று. அதற்கு முந்தைய நாற்பதை டேப்லெட் வெளிச்சத்தில் வைத்து, போனில் பிடித்து, கறுப்பை வெள்ளையாக மாற்றினாள்.

மாற்றியவள் போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள்.

அதே சோபா. அதே அழகேந்திரன். தோளில் சாய்ந்திருந்தது ஓர் ஆண்! விரல்கள் கோத்திருந்தன. இருவருமே கண்களை மூடியிருந்தார்கள்.

உறையில் அப்பாவின் கையெழுத்து: ‘மேக்கப்மேன் சோலையப்பனுடன். பிரிண்ட் போடக் கூடாது.’

“ஏதாவது ஷூட்டிங் சீனா இருக்கும்” என்றார் சேதுமாதவன். அவருக்கே நம்பிக்கையில்லை.

“நான் போட்டோகிராபர் பொண்ணுங்க. நடிக்கிறவன் கண்ணை இப்படி மூடமாட்டான்.”

“அப்ப முதல்ல அதைப் போன்லேருந்து எடு. இது எந்த ஊர்னு மறந்துட்டியா? இங்க இதுக்கு ஜெயில்!”

அவள் காதில் விழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முவைலா வீட்டில் தமயந்தியின் முன்னால் நின்றபோது வணக்கம் சொல்லக்கூடத் தோன்றவில்லை. அப்பா பெயரை மட்டும் சொல்லிப் போனை நீட்டினாள்.

அந்த அம்மாள் போனை வாங்கிக்கொண்டார். அழகேந்திரனின் முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“பாவம், எவ்வளவு நிம்மதியா இருக்கார்! இதை யாருக்காவது அனுப்பினியாம்மா?”

“இல்லீங்க.”

“அழிச்சுடு. ரெண்டு பேருமே போயாச்சு. உங்கப்பா கடைசிவரை வாயைத் திறக்கலை. நீயும் திறக்காதே.”

“அப்ப… நீங்க தோள்ல சாய்ஞ்ச படம்?”

“ஒரு பத்திரிகைக்காரன் இவங்க விஷயத்தை மோப்பம் பிடிச்சுட்டான். அடுத்த வாரம் எழுதறதா இருந்தான். அதுக்குள்ள ஊர் வாய்க்கு வேற அவல் கொடுக்கணுமே! மறுநாளே போய் அதே சோபாவுல உட்கார்ந்து, உங்கப்பாவைப் படம் எடுக்கச் சொன்னேன்.”

இத்தனை வருஷம் பேசிய பேச்செல்லாம் ஷியாமளாவுக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்தியது.

“அவரைக் காப்பாத்தினீங்க, சரி. அவர் சம்சாரத்தை நினைச்சுப் பார்த்தீங்களாம்மா? அந்த அட்டையைப் பார்த்து அவங்க என்ன பாடு பட்டிருப்பாங்க?”

தமயந்தி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“அந்தப் படத்துல என் தலையில ஒரு மல்லிகைச் சரம் இருக்கும், பார்த்திருப்பே. ஸ்டுடியோ வாசல்ல என் கையைப் பிடிச்சு அழுதுட்டு, தன் தலையிலேருந்து எடுத்து வெச்சுவிட்டதே அவங்கதாம்மா.”