மூன்றுக்கும் ஒரே ஆள்

விளக்கேற்ற ஏலாது என்று ஸல்ஹா சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்கள் கல்லூரிக்கு எழுபத்தைந்தாவது ஆண்டு விழா. இனம், ஆண் பெண், ஊர் என்று ஒரு பாகுபாடும் பார்க்காத கல்லூரி என்பது எங்கள் பெருமை. அதைப் பற்றிப் பேசவிருந்தவன் நான். விழாக் குழுத் தலைவனும் நான்தான்.

குத்துவிளக்குக்கு ஐந்து திரி. முஸ்லிம்கள் சார்பில் ஒருவர், பெண்கள் சார்பில் ஒருவர், வெளியூர்ப் பிள்ளைகள் சார்பில் ஒருவர் ஏற்ற வேண்டும் என்று பேச்சு வந்தது. மூதூரிலிருந்து வந்து படிக்கும் ஸல்ஹா ஒருத்தியே மூன்றுக்கும் போதும் என்று கண்டுபிடித்தது என் மூளைதான். மிச்சத் திரிகளைக் குழுவில் இருந்த நாங்கள் நாலு பேரும் ஏற்றிவிடலாம். நாங்கள் நால்வரும் தமிழர், நால்வரும் ஆண்கள், நால்வரும் டவுண்காரர் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இந்த அருமையான திட்டத்தைத்தான் அவள் கெடுத்தாள்.

"குறை நினைக்காதீங்க சேர். எங்கட வீட்டுல அது வழக்கமில்ல. வேற என்ன வேலயெண்டாலும் தாங்க, செய்றன்."

இவ்வளவு பரந்த மனமுள்ள கல்லூரியில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று நொந்துகொண்டேன். விழாவில் அறிவிப்பாளராக அவளைத்தான் தெரிவு செய்திருந்தோம். அந்த வேலையைப் பறித்து உப்புவெளிப் பிள்ளை நிரோஜினியிடம் கொடுத்தேன். ஸல்ஹாவின் முகம் சுருங்கிப்போனது. மகள் மைக்கில் பேசுவதைப் பார்க்கவென்று உம்மா மூதூரிலிருந்து வருகிறாராம். அதற்கு நான் என்ன செய்ய, ஒற்றுமை என்றால் ஒற்றுமைதான்.

விழா நாளில் துறைமுகப் பக்கமிருந்து கச்சான் காற்று விளாசியது. மேடையோ திறந்த மேடை. நாங்கள் நால்வரும் ஒருவாறு திரிகளை ஏற்றினோம். ஐந்தாவதை அதிபர் ஏற்றினார். அவரும் எங்களைப் போலத்தான்.

பேச எழும்பிய நான் பார்க்கிறேன், ஸல்ஹா மேடையேறி விளக்கோடு ஒட்டி நிற்கிறாள். ஏற்ற மாட்டாளாம், படத்துக்கு மட்டும் நிற்பாளாம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். படமெடுக்க வந்த குணரத்தினமும் கீழேயிருந்து, அந்தப் பிள்ளை விளக்கை மறைக்கிறது, விலத்தச் சொல்லுங்கோ என்றார்.

மைக்கைப் பொத்திக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன்.

"சேர், நான் விலத்தினா..." என்று தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிப்போனாள்.

"எழுபத்தைந்து ஆண்டுகளாக அணையாத சமத்துவ விளக்கு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஐந்து திரியும் அணைந்துவிட்டன.

சபை முழுக்கச் சிரித்தது. மூன்றாம் வரிசையில் இருந்த ஸல்ஹாவின் உம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அதிபரும் நாங்களும் மறுபடி ஏற்றினோம். யாரும் கூப்பிடாமலே ஸல்ஹா பழைய இடத்துக்கு வந்தாள். காற்றுக்கு முதுகைக் கொடுத்து, சால்வையின் இரு முனைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுடர் நிமிர்ந்தது.

"ஏத்தத்தான் சேர் ஏலாது," என்றாள் மெதுவாக. "எரியிற விளக்க நூர விடமாட்டன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நிரோஜினியைப் பார்த்தேன். அவள் ஓம் என்று தலையாட்டினாள்.

"இனி நீங்கள் அறிவியுங்கோ பிள்ளை. இந்த இடத்தில நான் நிக்கிறன்" என்று மைக்கை ஸல்ஹாவின் கையில் கொடுத்தேன்.

மறைப்புக்கு என்னிடம் சால்வை இல்லை. சமத்துவம் பற்றி நான் எழுதிவந்த பேச்சுத் தாள்களைத்தான் விரித்துப் பிடித்தேன். அந்தப் பேச்சு அன்றைக்குச் செய்த உபகாரம் அது ஒன்றுதான்.