பதில் வராவிட்டால்

"இந்த ஸ்கிரிப்டை இவர் எழுதல சார். எழுதின மூஞ்சியா இது?" சீனியரைக் காட்டிக் கேட்டாள் அந்த இளம் ஊழியை.

குளிர்கிடங்கு மேலாளர் நிமிர்ந்தார். இருப்பது ஒரே ஒரு நிரந்தர வேலை. கிடங்கின் வெப்பநிலையைக் கணினியில் பதியும் அந்த ஷெல் ஸ்கிரிப்டை எழுதியவருக்கே அது என்று காலையில்தான் சொல்லியிருந்தார். உடனே சீனியர் கையைத் தூக்கிவிட்டார். அவரும் தற்காலிகம், அவளும் தற்காலிகம்.

"முளைச்சு மூணு இலை விடல, பேச்சைப் பாருங்க சார்!" என்றார் சீனியர். "இதுல என்ன பெரிய வித்தை? உள்ள போறவர் இதை ஓடவிட்டுட்டுப் போய், வெப்பநிலையைப் பார்த்துட்டு வந்து அடிப்பார். ரீட்னு ஒரு வரி. அடிக்கறதை வாங்கி வேரியபிள்ல போட்டுக்கும்."

"வெறும் என்டரைத் தட்டினா?"

"பூஜ்யம்னு எடுத்துக்கும்."

அவள் தட்டினாள். 'வெப்பநிலை?' என்று திரை மறுபடியும் கேட்டது.

"பூஜ்யம்னு பதிஞ்சா, மைனஸ் பதினெட்டுல இருக்கவேண்டிய மீன் கெட்டுப்போகுதுன்னு அர்த்தம் சார். வேரியபிள் காலியா இருந்தா இது திரும்பக் கேட்கும். எழுதினவருக்கே தெரியல பாருங்க. சரி, யாருமே எதுவும் அடிக்கலைன்னா?"

"காத்துக்கிட்டே கிடக்கும். பின்ன, எழுந்து போய் டீ குடிக்குமா?"

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கீபோர்டை அவர்கள் கைக்கு எட்டாமல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"மூணு நிமிஷம். யாரும் தொடாதீங்க."

துடிக்கும் கர்சரையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீனியர் கொட்டாவி விட்டார். இரண்டு நிமிடம் தாண்டியது. "எனக்கு வேற வேலை இல்லையாம்மா?" என்று மேலாளர் எழுந்தபோது, கிடங்கே அதிர அபாய மணி அலறியது.

"உள்ள போனவர் பதில் அடிக்கலைன்னா, கதவு பூட்டிக்கிட்டு விறைச்சுக் கிடக்கறார்னு அர்த்தம் சார். அதுக்குத்தான் ரீட்டுக்குக் கெடு. மனுஷனை நினைச்சு எழுதினது இது."

சீனியர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

மேலாளர் பேனாவைத் திறந்தார். "முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! சரிம்மா, ஆர்டரை உன் பேருக்கே போட்டுடறேன்."

"என் பேர் எதுக்கு சார்? பிரசவ லீவுல போன அக்காவுக்கு, இனிமே வரவேண்டாம்னு போன வாரம் லெட்டர் அனுப்புனீங்களே, அவங்க பேருக்குப் போடுங்க. அவங்க எழுதினது இது."