விளக்கு சரிந்த கல்யாணம்

அத்லிஸ்கோ ஊர்க் கல்யாணப் பந்தலில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. எதிரெதிர் நாற்காலிகளின் மேல் நிற்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் பிடித்திருக்கும் முக்காட்டுத் துணி இன்னும் பாலம்போல ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஊர்க் கல்யாண ஆட்டப்படி அதன் அடியில் கைகோத்துப் பாம்பாக வளைந்தோடிய பெண்கள் வரிசையின் வால்தான், படம் எடுக்க வந்த மாரிசெலாவின் விளக்குத் தாங்கியில் போய் மோதியது. விளக்கு தலையில் சரிந்ததில், இப்போது பெண்ணின் சித்தி ஹெர்லிந்தா நெற்றியில் ரத்தத்தோடு தரையில் கிடக்கிறாள். நாலு மணி வெயில் பந்தல் துணி வழியே வடிந்து அவள் முகத்தை இன்னும் மஞ்சளாக்குகிறது. உடைந்த கண்ணாடித் தூள் கேக்கின் மேல் சர்க்கரையாக மின்னுகிறது. "தாங்கிக் கால்ல மணல் மூட்டை வைக்கலையாடி?" என்று கத்துகிறாள் பெண்ணின் தாய் ஒபெலியா. "வச்சேன்க்கா. மேசை போடணும்னு உங்க ஆளுங்கதான் எடுத்தாங்க" என்கிறாள் மாரிசெலா. "அவங்க மேல பழி போடாத. என் தங்கச்சிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான்டி பொறுப்பு!" போன வாரம் ஒப்பந்தத் தாளை நீட்டியபோது, "நான் உன் மகனுக்கு ஞானத்தாய். நமக்குள்ள எதுக்குடி கையெழுத்து?" என்று சிரித்தவளும் இவள்தான். வெட்கப்பட்டு அதைக் கேமரா பையில் செருகிக்கொண்டவள் மாரிசெலா. "விசிற ஏதாவது குடுங்களேன்!" என்று அலறியபடி ஒபெலியா அந்தப் பையையே துழாவி, கையில் சிக்கிய தாளை உருவித் தங்கைக்கு விசிறுகிறாள். விபத்துக்கு யார் பொறுப்பு என்று அச்சடித்த வரிக்குக் கீழே, கையெழுத்துக்கு விட்ட வெற்றுக்கோடு மாரிசெலாவின் கண்முன் மேலும் கீழுமாகப் போய் வருகிறது.