நாலு மணிப் பரீட்சை

முஸம்மிலை இன்றோடு வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவது என்று சுலாஃபா முடிவு செய்துவிட்டாள்.

கெய்ரோவில், ஃபைசல் தெருவில், ஐந்தாவது மாடியில் அவள் வீடு. வெள்ளியும் திங்களும் அங்கே மூன்று டாக்டர்கள் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கக் கூடுவார்கள். சுலாஃபா, தைசீர், முஸம்மில். கார்ட்டூமில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, போர் வந்ததும் சூடானை விட்டுக் கிளம்பியவர்கள். தேர்வில் தேறினால் இங்கிலாந்தில் மறுபடியும் வைத்தியம் பார்க்கலாம். இல்லாவிட்டால் இங்கேயே மருந்துக் கடையில் நிற்க வேண்டியதுதான்.

பேச்சு, எழுத்து எல்லாவற்றிலும் சுலாஃபா சுலபமாகத் தேறிவிட்டாள். வாசிப்பில் மட்டும் இரண்டு தடவை அரை மதிப்பெண்ணில் போயிற்று. டார்ச் வெளிச்சத்தில் சிசேரியன் செய்தவள், கண்ணாடி பாட்டிலின் வரலாறு பற்றிய ஒரு கட்டுரையிடம் தோற்றுப்போனாள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இது சரியா, தவறா, கட்டுரையில் சொல்லப்படவே இல்லையா என்று கேட்பார்கள். அந்த மூன்றாவதைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சொல்லவே இல்லன்னா அப்புறம் எதுக்குக் கேக்கறான்?" என்று தாளைப் பார்த்தே திட்டுவாள்.

அதனால் வீட்டில் கடுமையான சட்டம். நாலு மணிக்குத் தாளைக் கொடுத்து ஐந்து மணிக்குப் பிடுங்கிக்கொள்வாள். இடையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. டீ கூட அப்புறம்தான்.

முஸம்மில் வாய் திறக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு தட்டினான். கண் தாளில், விரல் போனில். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மாதமாக இதே கதை. இத்தனைக்கும் ஆறு மணிக்கு இருந்த வகுப்பை நச்சரித்து நாலுக்கு மாற்றியவனும் அவனேதான். நாற்பது கேள்விக்குப் பத்துப் பன்னிரண்டு பதில் எழுதுவான். மற்றதெல்லாம் வெற்றிடம்.

முதலில் நயமாகச் சொல்லிப் பார்த்தாள். போனின் சத்தத்தை அணைத்தானே தவிர, விரல் நிற்கவில்லை. யாரோ ஒரு பெண் இருக்கிறாள், அவளோடுதான் அரட்டை என்று தைசீர் அடித்துச் சொன்னாள். கேட்டதற்கு முஸம்மில் சிரித்து மழுப்பினான்.

இந்தத் திங்கட்கிழமை நாலு இருபதுக்கு சுலாஃபா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"உன் பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. ஃபெயில் ஆகணும்னா உன் வீட்டுலயே உக்காந்து ஆகலாமே. எதுக்கு இந்த அஞ்சு மாடி ஏறி வரே?"

"இன்னும் பத்தே நிமிஷம், சுலாஃபா."

அவ்வளவுதான். எழுந்து போய் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

காதல் வசனம் இருக்கும் என்று நினைத்தாள். இருந்தது ஆழ்கடல் மீன்கள். மேஜை மேல் கிடந்த அதே கட்டுரை, துண்டு துண்டாக, சாதாரண எஸ்.எம்.எஸ்.களில் வரிசையாகப் போயிருந்தது. நான் பொத்திப் பொத்தி வைத்த தாளை எவளுக்கோ அனுப்புகிறானே என்று தலை கொதித்தது. மேலே பெயரைப் பார்த்தாள்.

இக்லாஸ்.

தைசீரும் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

கார்ட்டூமில் இவர்களோடு நாலாவதாக இருந்தவள் இக்லாஸ். எல்லோரும் எகிப்துக்கு பஸ் ஏறியபோது, சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர்கூட இல்லை என்று மேற்கே போனாள். பிறகு அந்த ஊரைச் சுற்றி முற்றுகை விழுந்தது. இணையம் போயிற்று. சுலாஃபா அனுப்பிய செய்தி எதுவும் போய்ச் சேரவில்லை. எட்டு மாதமாக சுலாஃபா அனுப்புவதையே விட்டுவிட்டாள்.

எஸ்.எம்.எஸ். மட்டும் போகிறது என்று முஸம்மில் சொன்னான். அதுவும் நாலிலிருந்து ஐந்து வரைதான் அங்கே டவருக்குக் கரண்ட். நாம் எழுதுகிற அதே நேரத்தில் தானும் கூட உட்கார்ந்து எழுத வேண்டும் என்று அவளுக்கு ஆசையாம். ஒரு கட்டுரையையும் அதன் கேள்விகளையும் அடித்து அனுப்புவான். பதில் வரும். நடுவில் காயம்பட்டவர்கள் வந்துவிட்டால் வராது.

"குண்டு விழற ஊர்ல இருந்துக்கிட்டு அவளுக்கு எதுக்குப்பா இந்தப் பரீட்சை?" தைசீரின் குரல் உடைந்தது.

"நானும் கேட்டேன். பரீட்சைக்குப் படிச்சாத்தான், ஒரு நாள் இங்கேருந்து வெளியே போவேன்னு நம்ப முடியுதுன்னு அனுப்பினா."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று தைசீர் கேட்டாள்.

முஸம்மில் சுலாஃபாவைப் பார்க்காமல் பதில் சொன்னான். "சொல்லக் கூடாதுன்னுட்டா. தெரிஞ்சா சுலாஃபா தாளை மூடி வெச்சுட்டு அழுதுக்கிட்டு இருப்பா, மறுபடியும் அரை மார்க்குல போயிடும். அவ பாஸ் பண்ணட்டும், அப்புறம் சொல்லுன்னா."

கீழே தெருவில் ஒரு ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே போனான். சுலாஃபா போனைத் தரவில்லை. ஒவ்வொரு செய்தியாக மேலே தள்ளி, தாளோடு ஒப்பிட்டு, கடைசி வரை படித்தாள். நிமிர்ந்தபோது முகம் வழக்கம்போலக் கடுகடுவென்றுதான் இருந்தது.

"ரெண்டாவது பத்தியில ஒரு வரியையே முழுங்கியிருக்கியே, அறிவிருக்கா? அப்புறம் அவ எப்படி பதில் எழுதுவா? தள்ளு, மீதிய நான் அடிக்கறேன்."